ரெண்டு எளநி

ஏற்காட்டுல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எங்களுக்கு ஒரு பழக்கடை. பலா, கொய்யா, வாழை, மலை ஆரஞ்சு, சீசனுக்குப் பேரிக்கா எல்லாம் கிடைக்கும். எளநி மட்டும் கிடையாது. மலை ஏறிக் களைச்சு வர்ற டூரிஸ்ட்டுக்காரங்க, "என்னங்க, பழக்கடையில எளநி இல்லையா?"ன்னு கேப்பாங்க. "இல்லைன்னா இல்லை, போங்க"ன்னுருவேன். எம் பேச்சு எப்பவும் அப்படித்தான், வெடுக்குன்னு வரும். எங்க ஊட்டுக்காரரு உள்ள உக்காந்துக்கிட்டு, "வர்ற யாவாரத்தை வாயாலயே வெரட்டு"ன்னு சிரிப்பாரு. நான் ஏன் எளநி விக்கறதில்லைன்னு அவருக்குத் தெரியும். பாதிதான் தெரியும். மீதியை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை.

முன்னாடி எங்க கடையில எளநிதான் நொம்ப ஓடும். மலை மேல தென்னை வராது. கீழ குப்பனூர்ப் பக்கமிருந்து ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்து வாசல்ல குமிச்சு வைப்போம். சீவிக் குடுக்கறது நான்தான். மூணு வெட்டு, ஒரு குத்து, அவ்வளவுதான். எங்க அத்தா ஊட்டுலயும் சரி, கட்டிக் குடுத்த ஊட்டுலயும் சரி, யாருக்குக் காய்ச்சல்னாலும், மயக்கம்னாலும், கீழ விழுந்தாலும் மொத வேலை ஒரு எளநி சீவறதுதான். டாக்டரெல்லாம் அப்புறம். அதுல தப்பு இருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆரஞ்சு எங்களுக்கு மஞ்சக்குட்டையிலிருந்து வரும். அங்க ஒரு மலைக்காரரு, சின்னத் தோட்டம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு, மேட்டுல சாமை. கல்லுக்கட்டு கட்டி, படிப்படியா மண்ணை நிறுத்தி வச்சிருப்பாரு. அவரும் அவரு சம்சாரமும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஜீப்புல வந்து இறங்குவாங்க. அந்தம்மாவுக்கு எம்மேல ஒரு ஒட்டுதல். "பாயம்மா, இது உங்களுக்கு"ன்னு முந்தானையிலிருந்து ரெண்டு பழம் தனியா எடுத்துக் குடுக்கும். அவரு அதிகம் பேச மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே நிப்பாரு. அவருக்குப் பல்லு கொஞ்சம் தூக்கல், அதனால சிரிக்காதப்பவும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்.

அந்த ஐப்பசியில நாலு நாளா விடாத மழை. சேலம் போற பெரிய ரோட்டுல ரெண்டு எடத்துல மண்ணு சரிஞ்சு பஸ் நின்னு போச்சு. அஞ்சாம் நாள் காலையில கொஞ்சம் விட்டுச்சு. "ஆரஞ்சு எல்லாம் உதுந்திருக்கும், ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்"னு எங்க ஊட்டுக்காரரு கிளம்புனாரு. "இந்த மழையில அப்படி என்ன ஆரஞ்சு, உக்காருங்க பேசாம"ன்னு நான் கத்துனேன். என் கத்தலை யாரு மதிச்சா? ஏழு மணி ஜீப்புல போயிட்டாரு.

ஒம்பதரை இருக்கும். அதே ஜீப் திரும்பி வந்து கடை முன்னாடி நின்னுச்சு. டிரைவர் இறங்கவே இல்லை. "பாயம்மா, கடையை மூடுங்க. தோட்டத்துல கல்லுக்கட்டு சரிஞ்சு போச்சுங்க. மழைக்கு ஒதுங்கி நின்னிருக்காங்க. பாயும் தோட்டக்காரரும் அடியில"ன்னான். "உசுரோட இருக்காங்களா?"ன்னு கேட்டேன். "பேசறாங்க, பேசறாங்க. காலுதான் மாட்டியிருக்கு. ஏறுங்க"ன்னான்.

செருப்புப் போட மறந்துட்டேன். ஆனா கை மட்டும் பழக்கத்துல குமியிலிருந்து ரெண்டு எளநியை எடுத்துச்சு, அருவாளையும் எடுத்துச்சு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு தோட்டக்காரருக்கு. வழி நெடுக அந்த ரெண்டு எளநியையும் மடியில கட்டிப் புடிச்சுக்கிட்டு யா அல்லா, யா அல்லான்னு சொல்லிக்கிட்டே போனேன்.

தோட்டத்துல பத்துப் பதினஞ்சு பேரு நின்னாங்க. அரைப் பனை உசரத்துக்கு இருந்த கல்லுக்கட்டு, வயிறு தள்ளி உடைஞ்சு, கல்லும் சேறுமாக் கீழ கொட்டிக் கிடந்துச்சு. அதுக்குள்ள இருந்து ரெண்டு மனுசங்க இடுப்புக்கு மேல நீட்டிக்கிட்டுக் கிடக்கறாங்க. தோட்டக்காரரு மேல மண்ணும் சின்னக் கல்லுங்களும். எங்க ஊட்டுக்காரரு ரெண்டு தொடை மேலயும் ஒரே கல்லு, ஒரு கட்டில் அகலத்துக்கு. அதை அசைக்கணும்னா லாரி ஜாக்கி வேணும்னு ஆள் அனுப்பியிருந்தாங்க.

நான் சேத்துல விழுந்து அவரு தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். "எப்படிங்க இருக்கு?"ன்னேன். "வலியே இல்லை புள்ள. காலு இருக்கற மாதிரியே தெரியலை"ன்னாரு. வலி இல்லைன்னு சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியாயிருச்சு. அல்லா காப்பாத்துனான்னு நினைச்சேன். முட்டாள் சிறுக்கி நான்.

பதினொண்ணரை மணிக்குத் தோட்டக்காரரு மேல இருந்த மண்ணை வாரி, கடப்பாரை குடுத்துக் கல்லை நெம்பி, அவரை இழுத்து வெளிய போட்டாங்க. எட்டு மணிக்கு மாட்டுன மனுசன். எல்லாரும் ஓன்னு சத்தம் போட்டாங்க, ஒரு சிலரு அழுதாங்க. அவரு எந்திரிச்சு உக்காந்தாரு! பேன்ட்டு கிழிஞ்சு காலெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு, ஆனா ரத்தம் பெரிசா இல்லை. முகத்துல சேறு. அந்தப் பல்லு மட்டும் வெள்ளையா தெரியுது. "நான் நல்லாத்தான் இருக்கேனுங்க. பாயைப் பாருங்க மொதல்ல"ன்னாரு.

எனக்கு இருந்த சந்தோஷத்துல ஒரு எளநியை எடுத்து மூணே வெட்டுல சீவிக்கிட்டு அவருகிட்ட ஓடுனேன். எல்லாரும் ஜாக்கி வந்துருச்சான்னு ரோட்டைப் பாத்துக் கத்திக்கிட்டு இருந்தாங்க. நான் குனிஞ்சு அவரு வாய்கிட்ட நீட்டுனேன். அவரு கையால தள்ளுனாரு. "வேண்டாமுங்க பாயம்மா. எனக்குத் தாகமில்லைங்க. பாய்க்கு மொதல்ல குடுங்க"ன்னு மெதுவாச் சொன்னாரு. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. "அவருக்குத் தனியா இன்னொண்ணு இருக்கு. நீங்க குடிங்கண்ணா, களைச்சுப் போயிருக்கீங்க, குடிச்சாத்தான் தெம்பு வரும்"னு வாயோட சேத்து வச்சு அழுத்துனேன். நான் அழுத்துனா யாரு மறுக்க முடியும்? குடிச்சாரு. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வச்சேன். அப்புறம் ஜீப்புல ஏத்துனாங்க. பங்காளி ஒருத்தரு கூட ஏறுனாரு. அவரு சம்சாரம் அங்க இல்லை. தங்கச்சிக்குப் பிரசவம்னு ரெண்டு நாள் முன்னாடியே நாகலூர்ல அம்மா ஊட்டுக்குப் போயிருந்துச்சு. பெரிய ரோடு அடைச்சுக் கிடந்ததால ஜீப் குப்பனூர் ரோட்டுல எறங்கப் போச்சு. போறப்ப எனக்குக் கையைக் காட்டுனாரு.

அப்புறம் எங்க ஊட்டுக்காரருக்குன்னு ரெண்டாவது எளநியைச் சீவி எடுத்துக்கிட்டு அவரு வாய்கிட்ட கொண்டு போனேன். அப்பத்தான் ஒரு கை வந்து அதைப் புடுங்குச்சு. புடுங்கிப் பள்ளத்துல வீசிருச்சு. அந்த எளநி கல்லு மேல முட்டி முட்டி உருண்டு போனதை நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

நாகலூர் தாண்டி இருக்கற ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில கம்பவுண்டரா இருந்த ஆளு அது. முன்னாடி மிலிட்டரியில ஆஸ்பத்திரி வேலை பாத்தவரு. எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டருக்குப் போன் வந்து, அவரு இவரைக் கூப்பிட்டு அனுப்பி, மண்ணு சரிஞ்ச எடத்தையெல்லாம் நடந்தே தாண்டி வந்திருக்காரு. தோள்ல ஒரு பை, உள்ள டிரிப்ஸ் பாட்டில். சிரிக்கத் தெரியாத மூஞ்சி. "எளநி கூடவே கூடாது. யாரும் கல்லைத் தொடக் கூடாது. இவரு எத்தனை மணியிலிருந்து இப்படி இருக்காரு?"ன்னு கேட்டாரு.

ஜாக்கி அப்பத்தான் வந்து சேந்துச்சு. ஆளுங்க வச்சுத் தூக்கப் போனாங்க. இந்த ஆளு கல்லுக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டாரு. "ஒரு பாட்டில் உள்ள போகட்டும். அப்புறம் தூக்கலாம்"னு சொல்லிக்கிட்டே சேத்துல மண்டி போட்டு, கையில நரம்பைத் தேட ஆரம்பிச்சாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "யோவ், நீ மனுசனா? மூணரை மணி நேரமா ஒரு மனுசன் கல்லுக்கடியில கிடக்கறாரு, ஜாக்கி வந்து நிக்குது, நீ ஊசி குத்திக்கிட்டு இருக்கியா? அங்க பாரு, தோட்டக்காரரை எடுத்தாங்க, சிரிச்சுக்கிட்டுப் போறாரு. எம் புருசனை மட்டும் எதுக்கு அமுக்கி வச்சிருக்க?"ன்னு அவரு சட்டையைப் புடிச்சு உலுக்குனேன்.

"ஏனுங்க, இன்னொருத்தரை எடுத்துட்டீங்களா?"ன்னு அவரு திரும்பிக் கேட்டாரு. மூஞ்சி செத்துப் போச்சு. அதைப் பாத்ததும்தான் எனக்கு மொத தடவை வேற மாதிரி பயம் வந்துச்சு. ஆனாலும் கத்தறதை நிறுத்தலை. பயந்தா நான் இன்னும் அதிகமாத்தான் கத்துவேன்.

ஊசி ஏறுனதும் பாட்டிலை என் கையில குடுத்து, "உசரத் தூக்கிப் புடிங்கம்மா. திட்டறதை அப்படியே திட்டிக்கிட்டே புடிங்க"ன்னாரு. சொட்டு இல்லை, தாரையா ஓடற மாதிரி தெறந்து விட்டாரு. அப்புறந்தான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு: "வடக்கே ஒரு பூகம்பத்துல வேலை பாத்திருக்கேனுங்க. தூணுக்கடியிலிருந்து எடுப்போம். டீ கேப்பாங்க, பேசுவாங்க. அரை மணி நேரத்துல செத்துருவாங்க. நசுங்குன சதை உள்ளயே செத்துருதுங்க. கல்லு மேல இருக்கற வரைக்கும் அந்த விஷம் காலோட நிக்கும். கல்லை எடுத்த ஒடனே மொத்தமும் ரத்தத்துல எறங்கும். நெஞ்சை நிறுத்தும். நெஞ்சு தப்பிச்சா கிட்னியைப் போயி அடைக்கும். உப்புத் தண்ணி முன்னாடியே உள்ள இருந்தாத்தான் அதைக் கழுவி வெளிய தள்ளும்." யாரும் நம்பலை. என்னைக் கேட்டா, நானும் நம்பலை. ஒரு வயசான ஆளு, "கண்ணு முன்னாடி ஒருத்தன் எந்திரிச்சு உக்காந்தானே தம்பி"ன்னு அவருகிட்ட மல்லுக்கு நின்னாரு.

முதல் பாட்டில் முக்கால் எறங்கியிருக்கும். மேல ரோட்டுல ஜீப் சத்தம் கேட்டுச்சு. தோட்டக்காரரை ஏத்திக்கிட்டுப் போன அதே ஜீப். சேலம் போயிட்டு வர்ற நேரமில்லை அது. அதுக்குள்ள எப்படித் திரும்புச்சு? டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி வந்து, எங்க யாரையும் பாக்காம, "குப்பனூர் போயே சேரலைங்க. மூணாவது வளைவுல, நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. அவரு பங்காளி, திருப்பிரு, ஊட்டுக்கே கொண்டு போயிரலாம்னுட்டாருங்க"ன்னான்.

ஜாக்கியைப் புடிச்சிருந்தவன் அதைக் கீழ வச்சுட்டான். நான் பாட்டிலைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், பாட்டிலுக்குள்ள தண்ணி ஆடுது. எங் கால்கிட்டக் கிடக்கற எங்க ஊட்டுக்காரரு, "என்ன புள்ள, யாரு போயிட்டாங்க?"ன்னு கேக்கறாரு. "யாருமில்லைங்க, பேசாம இருங்க"ன்னேன். வாய் மட்டுந்தான் சொல்லுது. அந்தக் கல்லை எடுக்கச் சொல்லிச் சட்டையைப் புடிச்சு உலுக்குனவ, இப்ப அதே கல்லைப் பாத்து, அங்கயே இரு, அங்கயே இருன்னு மனசுக்குள்ள கெஞ்சறேன்.

ரெண்டாவது பாட்டில் மாட்டுனப்புறம் கம்பவுண்டர் அவரு மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டு, "இப்பத் தூக்குங்க. மெதுவா"ன்னாரு. கல்லு நகந்துச்சு. அவரு அலறுன அலறல் இருக்கே, அந்தத் தோட்டத்துப் பக்கம் போனா எனக்கு இன்னும் காதுல கேக்குது. நான் அவரு முகத்தைப் பாக்கலை. கம்பவுண்டர் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். நாடி நின்னா அந்த முகத்துலதானே மொதல்ல தெரியும்.

ஜீப்புல குப்பனூர் ரோட்டுல எறங்கினோம். பாட்டில் என் கையில. கை மரத்துப் போச்சு, மாத்திக் குடுக்கச் சொன்னாங்க, குடுக்கலை. என் கை எறங்குனா அவரு போயிருவாருன்னு ஒரு கிறுக்குப் பயம். மூணாவது வளைவு வந்தப்ப டிரைவர் தானா மெதுவாக்குனான். அந்த வளைவைத் தாண்டறதுக்குள்ள எத்தனை தடவை அவரு மூக்குகிட்ட விரலை வச்சுப் பாத்தேன்னு எனக்கே தெரியாது.

சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். ஒண்ணுக்குப் போக டியூப் மாட்டி, கட்டில் ஓரத்துல ஒரு பையைத் தொங்க விட்டாங்க. அதுல மொதல்ல வந்தது நாங்க காப்பிக்குப் போடற டிகாஷன் கலர்ல இருந்துச்சு. அதுவும் ஒரு கரண்டி அளவு. டாக்டரம்மா அதை வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு, "கிட்னிக்குள்ள சதையோட கழிவு போய்க்கிட்டு இருக்கு. தண்ணி நிறைய ஏத்தறோம். ஒண்ணுக்கு நிறைய வந்து, கலர் தெளிஞ்சா பொழைச்சாரு. நின்னு போச்சுன்னா மெஷின்ல போட்டுத்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். அதுக்கு மேல இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னாங்க.

அதுலயிருந்து எனக்கு உலகத்துல அந்தப் பை ஒண்ணுதான். மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து அளந்துட்டுப் போகும். நான் அதுக்கு நடுவுல பத்துத் தடவை குனிஞ்சு பாப்பேன். ஒரு சொட்டு விழுந்தா அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லுவேன். விழாம இருந்தா மூச்சே வராது. புருசன் மூத்திரத்தை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன்னு கல்யாணத்தன்னிக்கு யாராச்சும் சொல்லியிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்.

ரெண்டாம் நாள் அவருக்கு நாக்கு வறண்டு போச்சு. நான் கீழ போயி, வாசல்ல வித்துக்கிட்டு இருந்தவன்கிட்ட ஒரு எளநி வாங்கிக்கிட்டு வந்தேன். ஆமா, திரும்பவும் எளநிதான். மலையில அந்த ஆளு வீசுனது மிலிட்டரி முரட்டுத்தனம்னுதான் நினைச்சிருந்தேன், ஏன்னு கேக்கவே இல்லை. நர்ஸ் பாத்துட்டு ஓடி வந்து கையிலிருந்து புடுங்குச்சு. "கொன்னுருவீங்களா? இவரு ரத்தத்துல ஏற்கனவே பொட்டாசியம் ஏறிக் கிடக்குது. நசுங்குன சதையிலிருந்து வர்றது அதுதான். எளநியில, ஆரஞ்சுல, வாழைப்பழத்துல எல்லாம் அதே தான் இருக்கு. இதைக் குடுத்தா நெஞ்சு அப்படியே நின்னுரும்"னு சொல்லுச்சு.

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு, என்னை அதட்டிட்டோமேன்னு பதறிப் போயி, "பரவாயில்லைங்கக்கா, இவரு குடிக்கலையே"ன்னுச்சு. இவரு குடிக்கலை. சரிதான். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வச்சேனே ஒருத்தரை, அவரைப் பத்தி யாருகிட்டச் சொல்றது?

அன்னிக்குச் சாயங்காலம் டாக்டரம்மாவை வராண்டாவுல நிறுத்தி, யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். "தெரியாம யாராச்சும் எளநி குடுத்திருந்தா, அதனாலதான் செத்தாங்கன்னு ஆகுமுங்களா?" அவங்க என்னை ஒரு நிமிசம் பாத்தாங்க. "அது இல்லாமலும் நெஞ்சு நின்னிருக்கலாம். கல்லை எடுத்ததே போதும். அதனாலயும் நின்னிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா"ன்னாங்க. அந்தப் பதிலை இத்தனை வருசமாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். அதுல புடிச்சுக்க ஒண்ணுமே இல்லை.

அப்புறம் எம் பயம் வேற ரூபம் எடுத்துச்சு. இன்னொருத்தி புருசனை என் கையால அனுப்பிட்டேன், அதுக்குப் பதிலா என் புருசனை அல்லா எடுத்துக்குவான்னு தோணுச்சு. பையில சொட்டு விழாதப்பெல்லாம், இது எனக்கு வந்த தீர்ப்புன்னே நினைச்சேன். தொழுகும்போது ரெண்டு பேருக்கும் சேத்து துஆ கேக்கணும்னு பாப்பேன். தோட்டக்காரரு மொகம் வரும், வாய் அடைச்சுப் போகும். மூணாம் நாள் டிகாஷன், டீத்தண்ணி கலருக்கு வந்துச்சு. அஞ்சாம் நாள் தண்ணி டீ. எட்டாம் நாள் விடியக்காலை பை நிரம்பி, மஞ்சளா, தெளிவா இருந்துச்சு. நர்ஸ், "அக்கா, இங்க பாருங்க"ன்னு தூக்கிக் காட்டுச்சு. நான் அந்தப் பையையே புடிச்சுக்கிட்டு அழுதேன். மெஷினே வேண்டாம்னுட்டாங்க. நேரத்துக்கு உப்புத் தண்ணி உள்ள போனதுதான் கிட்னியைக் காப்பாத்துச்சு, அந்த ஆளு கையை எடுத்துக் கும்பிடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பழம் மட்டும் இன்னும் ஒரு மாசத்துக்குக் கண்ணுல காட்டக் கூடாதுன்னாங்க.

பதினேழாம் நாள் தோட்டக்காரரு சம்சாரம் வந்துச்சு. பதினாறு காரியம் முடிச்ச கையோட பஸ் ஏறியிருக்கு. நெத்தியில ஒண்ணுமில்லை, தலையில ஒண்ணுமில்லை. கையில ஒரு மஞ்சப்பை, உள்ள மொத பறிப்பு ஆரஞ்சு. "பாயைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க. எங்கூட்டுக்காரருதான் போனாரு, பாயாச்சும் நல்லா இருக்கட்டும்"னு சொல்லி, கட்டில்ல ஒரு பழத்தை வச்சுச்சு.

நர்ஸ் பாத்துருச்சு. அதுக்கென்ன தெரியும் இது யாருன்னு. "அய்யோ, ஆரஞ்சை எடுங்க! எத்தனை தடவைதான் சொல்றது? கல்லுக்கடியில மாட்டி வந்தவங்களுக்கு எளநி, ஆரஞ்சு குடுத்தா உசுரு போயிரும். இந்தக்கா கூட எளநி வாங்கியாந்துட்டாங்க, நல்ல வேளை நான் பாத்தேன்"னு படபடன்னு கொட்டிட்டுப் போயிருச்சு.

அந்தம்மா பழத்தை எடுத்துப் பையில போட்டுக்குச்சு. "எங்களுக்குத் தெரியாதுங்க"ன்னு போன நர்ஸுகிட்டச் சொல்லுச்சு. எங்க ஊட்டுக்காரரைப் பாத்துக் கும்பிட்டுட்டு வெளிய வந்துச்சு. நானும் பின்னாடியே போனேன். படிக்கட்டுகிட்ட நின்னு, பையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நான் எளநி குடுத்தது ஊருக்கே தெரியும். ஜீப்புல போறதுக்கு முன்னாடி பாயம்மா எளநி குடுத்தாங்கன்னு, நல்லதாச் சொல்லி, அதுகிட்டயும் சொல்லியிருப்பாங்க.

"ஏனுங்க பாயம்மா, அவரா கேட்டாருங்களா? இல்ல நீங்களாக் குடுத்தீங்களா?"

கோவமே இல்லை குரல்ல. கோவப்பட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தி, உண்மையைக் கக்கியிருப்பேன். தெரிஞ்சுக்கணும்னு மட்டும் கேட்டுச்சு. வாழ்நாள் பூரா யாருக்கும் பயப்படாம வாயடிச்சவ, அந்தப் படிக்கட்டுல அந்த ஒல்லிப் பொம்பளைக்குப் பயந்தேன்.

"கேட்டாருங்க. தாகமா இருக்குன்னு கேட்டாரு."

அந்தம்மா கண்ணை மூடித் தெறந்துச்சு. "தாகம்னு கேட்டா யாருதான் குடுக்காம இருப்பாங்க"ன்னு சொல்லி என் கையைப் புடிச்சுக்குச்சு. "அழுவாதீங்க பாயம்மா. நெஞ்சு நனைஞ்சுதான் போயிருக்காரு. பாயை நல்லாப் பாத்துக்கங்க." என்னைத் தேத்திட்டு, பழத்தோட படி எறங்கிப் போச்சு.

இன்னிக்கும் ஆரஞ்சு அங்கிருந்துதான் வருது. எங்க ஊட்டுக்காரரு காலை இழுத்து இழுத்து நடந்து போயி மூட்டையை எறக்குவாரு. அந்தம்மா முந்தானையிலிருந்து ரெண்டு பழம் எனக்குத் தனியா எடுத்துக் குடுக்கும். கடையில யாராச்சும் புது ஆளு இருந்தா, "எங்கூட்டுக்காரரு கடைசியாத் தாகம்னு கேட்டதுக்கு எளநி குடுத்த கை இது"ன்னு என் கையைப் புடிச்சுக் காட்டும். நான் வெடுக்குன்னு எதையாச்சும் பேசி, உள்ள போயிருவேன்.

அவரு கேக்கலை. தாகமில்லைன்னாரு. பாய்க்கு மொதல்ல குடுங்கன்னாரு. அவரு சொன்னபடி அந்த எளநியை நான் அப்பவே கொண்டு போயி எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்திருந்தா, புருசனைப் பறிகுடுத்துட்டு, பழப்பையோட அந்தப் படியில எறங்கிப் போனது நானா இருந்திருக்கும்.